முன் பிரேக் நிப்பிளில் சுற்றிய வெள்ளை டேப்

என் பெயர் லாசரஸ். தகப்பனார் பெயர் அலெக்சாண்டர். வயது முப்பத்தொன்று. தோ பாயோ ஐந்தாவது லோரோங்கில் ஒன்பதாம் மாடி வீட்டில் தாயாருடன் வசிக்கிறேன். ஜாலான் புசாரில் நூர்தீன் என்பவருடைய மோட்டார் சைக்கிள் பட்டறையில் பதினோரு வருடமாக மெக்கானிக்காக இருக்கிறேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை. இன்று 19 மே 1982, புதன்கிழமை, நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து சார்ஜண்ட் முத்துசாமியிடம் இதைச் சொல்கிறேன்.

எங்கள் புளோக்கில் ஆறாம் மாடியில் இருக்கும் பிரிஜட்டை எனக்குப் பெண் கேட்டு என் தாயார் போன வருடம் போனார். பெண்ணுக்கு இப்போது கல்யாண எண்ணம் இல்லை என்று அவர்கள் வீட்டில் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். அதன் பின் இந்த மாதம் ஒன்பதாம் தேதி ஞாயிறு பூசையில் பிரிஜட்டுக்கும் கப்பல் பட்டறை வெல்டர் பெர்னார்டுக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் வழக்கம்போல் கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே தடை என் வயிற்றெரிச்சல்தான். அதை எழுந்து நின்று சொல்ல முடியாது. பெர்னார்டும் என்னைப்போல் கைவேலைக்காரர். டாக்டராகவோ வாத்தியாராகவோ இருந்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

அதன் பின் பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்கு பெர்னார்ட் தன் மோட்டார் சைக்கிளைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். முன் டிஸ்க் பிரேக்கில் காற்றை வெளியேற்றும் நிப்பிளில் பிரேக் எண்ணெய் கசிந்து டயர் வரை இறங்கியிருந்தது. "இனிமே பின்னாடி பிரிஜட் உக்காருவா அண்ணே. நீங்களே பாத்து செஞ்சு குடுங்க லா," என்றார். அவர் சிரித்தபடிதான் சொன்னார். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

நிப்பிளைக் கழற்றிப் பார்த்தபோது அதன் கூர்முனையில் பள்ளம் விழுந்திருந்தது. எண்ணெயை அடைப்பது அந்த முனைதான், மரை அல்ல. மரையில் எதைச் சுற்றினாலும் கசிவு சில நாள் மறைந்திருக்கும், நிற்காது. தொழிலுக்கு வந்த முதல் மாதமே இது எனக்குத் தெரியும். புது நிப்பிள் இரண்டு கடை தள்ளிக் கிடைக்கும். நான் போகவில்லை. குழாய் வேலைக்கு வைத்திருக்கும் வெள்ளை டேப்பைப் பொறாமையால் மரையில் நான்கு சுற்றுச் சுற்றி, பழைய நிப்பிளையே மாட்டி, காற்றெடுத்து, வெளியே தெரிந்த டேப்பை பிளேடால் நறுக்கித் துடைத்தேன். எந்த வண்டியையும் முதலாளி ஒருமுறை பிரேக் பிடித்துப் பார்த்த பிறகே வெளியே விடுவார். அன்று அவர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்.

அதன் பின் பெர்னார்ட், "ஓட்டலாமா அண்ணே?" என்று கேட்டார். ஓட்டலாம் என்று தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "போலே லா," என்று மலாயில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். பட்டறையில் எல்லாரும் எதற்கும் சொல்லும் சொல் அது, பாதிப் பேர் நினைத்துக்கூடச் சொல்வதில்லை. நான் நினைத்துத்தான் சொன்னேன்.

பதினாறாம் தேதி ஞாயிறன்று இரண்டாம் ஓலை வாசித்து முடிந்ததும் இருவரும் கல்யாணச் சேலை எடுக்க சிராங்கூன் ரோட்டுக்குப் புறப்பட்டார்கள். லாவண்டர் ஸ்திரீட் சந்திப்பில் முன்னால் போன லாரி நின்றபோது பெர்னார்ட் பிரேக் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. வண்டி லாரியின் பின்புறத்தில் மோதிச் சாய்ந்தது. அவருக்குச் சிராய்ப்பு. பிரிஜட்டுக்கு வலது தொடை எலும்பு முறிந்தது.

அதன் பின் நேற்று மாலை நான் மருத்துவமனைக்குப் போனேன். பிரிஜட்டின் காலை எடை கட்டித் தூக்கியிருந்தார்கள். பெர்னார்ட் பக்கத்தில் நின்றார். "நான்தான் வேகமா வந்தேன்னு போலீஸ்ல சொல்லிட்டேன். பிரேக்கு நீங்க பாத்தது, அதுல என்ன குறை இருக்கப் போவுது?" என்றார். பிரிஜட் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாருங்கண்ணே, எல்லாத்தையும் தன் தலையிலயே போட்டுக்கிறார்," என்றாள். பெருமையாகச் சொன்னாள்.

அவருடைய லைசென்ஸ் போய்விடும், கோர்ட்டுக்கு அலைவார் என்ற இரக்கத்தில் நான் இங்கே வரவில்லை. தான் செய்யாததைத் தன் குற்றம் என்று சொல்லி அவள் முன்னால் அவர் இன்னும் ஒரு படி உயர்ந்து நிற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது. அதையாவது அவருக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இதுவரை எழுதியதை சார்ஜண்ட் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். டேப் சுற்றிய இடத்தில் 'கவனக்குறைவால்' என்று இருந்தது. மிகுந்த கவனத்தோடுதான் சுற்றினேன் என்று சொல்லி, அதை அடித்துவிட்டு 'பொறாமையால்' என்று எழுதும்படி கேட்டேன். எழுதினார். திருத்திய இடத்திலும் கீழேயும் என் கையொப்பம் இட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) அ. லாசரஸ்