நாலாவது பாட்டில் ஒரு இருமல்

"அந்த இருமல எடுத்திருக்கலாம் லா," என்றாள் எனக்கு முன் இருக்கையில் இருந்தவள். பஸ் மலைப்பாதையில் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங்குக்கு ஏறிக்கொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, நாட்டுப்புறப் பாட்டைத் தானே எழுதிப் பாடும் ஒரு பெண்ணின் இரண்டாவது ஆல்பத்தைப் பற்றிய பேச்சு.

"எந்தப் பாட்டுல?" என்றாள் பக்கத்தில் இருந்த மூத்தவள்.

"நாலாவதுல, அக்கா. முதல் ஆல்பம் எவ்வளவு சுத்தமா இருந்துச்சு! இதுல நடுவுல யாரோ லொக்கு லொக்குன்னு இருமுறாங்க."

"எங்க வீட்டுக்காரருதான்."

இளையவள் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பாட்ட எங்க வீட்டுல வச்சுதான் அந்தப் புள்ள ரெக்கார்ட் பண்ணுச்சு. மனுசன் வாயப் பொத்திக்கிட்டுதான் உக்காந்திருந்தாரு, அடக்க முடியல. 'புள்ள பாட்டக் கெடுத்துட்டேனே'ன்னு அன்னிக்குப் பூரா புலம்புனாரு. அவரு போய்ச் சேர்ந்தப்புறம் அது போன் பண்ணி, 'அத்தை, அந்த இடத்த எடுத்துரவா?'ன்னு கேட்டுச்சு. கைய வைக்காதேன்னுட்டேன்."

இந்த வளைவுகளில் எனக்கு எப்போதும் தலை சுற்றும். அன்று அது மறந்துபோனது.

"பாட்டு எப்படிக்கா இருக்கு?" இளையவள் மெதுவாகக் கேட்டாள்.

"முடிவு வரைக்கும் இன்னும் கேக்கலடி. இருமல் வந்ததும் திரும்ப முதல்லேருந்து போட்டுருவேன்."