டயருக்கடியில் எலுமிச்சம்பழம்

“ஏனுங்க, டயருக்கடியில வெக்கற எலுமிச்சம்பழத்த வருமான வரியில கழிக்கலாமுங்களா?”

பல்லடம் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் இப்படிக் கேட்டதும் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டேன். பனியன் கம்பெனி முதலாளிக்குக் கார் ஓட்டுகிறவராம். அவர் பக்கத்தில் இருந்தவர் ஆடிட்டர் ஆபீஸ்காரர்.

“அதெல்லாம் முடியாதுங்க. சம்பளக்காரங்களுக்கு மொத்தமா ஒரு தொகையைக் கழிச்சிருவாங்க. ஏசி ரூமுல உக்காந்திருக்கற மேனேஜருக்கும் அதேதானுங்க.”

“வெள்ளிக்கெழமையானா என்ர காசுலதானுங்க பழம் வாங்கறேன். ஷூ, கூலிங்கிளாஸும் என்ர காசுதான்.”

“உங்க சம்பளத்துக்கு வரியே வராதுங்களே. எதுல போயிக் கழிக்கறது?”

“வராட்டிப் போகுதுங்க. எங்க மொதலாளி எதையெல்லாம் கழிக்கறாரு?”

“அவுருது தொழிலுங்க. டீசல், சர்வீசு, டயரு... அப்பறம் டிரைவர் சம்பளம்.”

“டயருக்கு அடுத்தாப்பல நானுங்களா?”

“செலவுன்னா அப்படித்தானுங்க. பழத்துக்குப் பில்லு குடுத்தா அதையும் சேத்துக்குவாரு.”



“சேத்துக்கட்டுமுங்க. நசுங்கறவங்க ரெண்டு பேரும் ஒரே கணக்குல இருக்கறது நல்லதுதான். என்ன, பழம் ஒரு தடவ நசுங்குனாப் போதுமுங்க.”