வளைவில் கொட்டிய வைக்கோல்

சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலம் அது. பந்தயம் முடிந்த மறுநாள், பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண் ஜன்னலைப் பார்த்தபடியே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

“மாட்ட ரெண்டு நாளு பட்டினி போட்டுட்டேன்.”

“இன்னாத்துக்குக்கா?”

“வைக்கோல் பூரா பந்தய ரோட்டு வளைவுல கொட்டிட்டேன். போன வருசம் அங்க வெறும் தார் டிரம்முதான். மோதின புள்ள என் கண்ணெதிர்லயே உசுர வுட்டுட்டான்.”

“உன்ன யாரு கொட்டச் சொன்னது?”

“யாரும் சொல்லல. நேத்து ஒரு காரு அதுக்குள்ள பூந்துச்சி. சத்தமே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சி, தலையெல்லாம் வைக்கோலோட, தூங்கி எழுந்தாப்புல ஒருத்தன் வெளிய வந்தான்.”

“மாடு?”

“அங்கதான் கட்டிட்டு வந்தேன். அவன் எழுந்த எடத்துலயே நின்னு தின்னுக்கினு கீது.”