திருப்பி அனுப்பிய புல்

வெட்டிச் சுருட்டிய புல் சும்மா இருக்காது. மண்ணோடு சேர்த்துப் பாய் மாதிரி சுருட்டி அடுக்கினால் உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கும். கையை விட்டுப் பார்த்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுடும். அதனால்தான் குளிர்பெட்டி வண்டியில் ஏற்றி வருகிறோம். எங்கள் தோட்ட நிறுவனத்தில் புதிதாகச் சேருகிற எவருக்கும் முதல் நாள் நான் நடத்துகிற பாடம் இது. ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். எங்களுக்குக் கல், செடி, புல் தருகிற இடங்களில் யாரையும் அடைத்துவைத்து அடிமையாக வேலை வாங்கவில்லை என்று பார்ப்பதுதான் என் வேலை. அதை மனசாரச் செய்தேன். போகிற இடமெல்லாம் வேலையாட்களைக் கூட்டி உட்காரவைத்து, "எந்தக் கஷ்டமா இருந்தாலும் பயப்படாம நேரா என்கிட்ட வாங்க" என்பேன். என் படம் போட்ட சுவரொட்டிகூட எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கும். அதில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன்.

புல் வருவது என் அக்கா வீட்டுப் பண்ணையிலிருந்து. அம்மா போனபின் என்னைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. அத்தான் தொட்ட தொழிலெல்லாம் படுத்துவிட்டது. புல் ஒன்றுதான் நிமிர்ந்தது. வேலையாட்கள் தங்கும் கொட்டகைக் கதவில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியதை முதல் தடவையே பார்த்தேன். ஆட்களின் பாஸ்போர்ட் எல்லாம் அத்தானின் பீரோவில் இருந்ததும் தெரியும். கண்டித்தேன். ஆய்வு நாட்களிலாவது பூட்டைக் கழற்றி வைக்கச் சொன்னேன். எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் மாற்றிவிட முடியாது.

"நீ இருக்கறப்ப எனக்கென்ன பயம், மாப்ள," என்பார் அத்தான்.

அன்று ஒரு மருத்துவமனை வளாகத்தில் புல் பதித்துக்கொண்டிருந்தோம். மருத்துவமனைத் தரப்பிலிருந்து ஒரு தணிக்கை அம்மா வந்திருந்தார். எங்களிடம் அடிமை வேலை இல்லை என்று அவர் திருப்திப்பட்டால்தான் ஒப்பந்தம் தொடரும். ஒப்பந்தம் போனால் பண்ணையும் போகும். புல் வண்டி வந்ததும் வழக்கம்போல நான்தான் முதலில் உள்ளே ஏறிச் சூடு பார்த்தேன். கடைசி அடுக்குக்குப் பின்னால் ஒருவர் குந்தியிருந்தார். அத்தானின் பண்ணையில் புல் வெட்டுகிறவர். குளிரில் பல் கிட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"சார், நீங்கதானே நேரா வரச் சொன்னீங்க. அதான் வந்துட்டேன். வீட்டுக்காரி அங்கேயே மாட்டிக்கிட்டிருக்கா. காய்ச்சல்ல கெடக்கறா சார், டாக்டர்கிட்டகூட விடமாட்டேங்கறாங்க. போலீஸ்ல சொல்லுங்க சார், அவளைக் காப்பாத்துங்க."

உண்மையைச் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் வந்ததில்லை. வந்தால் என்ன செய்வது என்று நான் யோசித்ததுமில்லை. வெளியே அந்த அம்மாவின் பேச்சுக்குரல் கேட்கிறது. இவரை இறக்கிவிட்டால் அத்தான் சிறைக்கு, அக்கா தெருவுக்கு. அக்கா யார் வீட்டு வாசலில் போய் நிற்பாள்? எனக்காக நான் பயப்படவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அவரிடம் பொறுமையாகப் பேசினேன்.

"இங்கே அவங்க ஆளுங்க இருக்காங்க. இறங்கினா மாட்டிப்பீங்க. இதே வண்டியில உங்களைப் போலீஸ் ஸ்டேஷன்ல விடச் சொல்றேன். என்ன ஆனாலும் தட்டாதீங்க, சத்தம் போடாதீங்க. நானே வந்து கதவைத் திறப்பேன்."

"சரிங்க சார்," என்று கும்பிட்டார்.

கீழே இறங்கி, முன்வரிசைப் புல்லை மட்டும் எடுக்கச் சொன்னேன். பின்னால் உள்ளது மஞ்சளடித்துவிட்டது, பண்ணைக்கே திரும்பிப் போகட்டும் என்றேன். கதவைச் சாத்தித் தாழிட்டேன். அப்போது டிரைவர் கேட்டார்.

"ரிட்டர்ன் புல்லுதானே சார், கூலிங்கை ஆஃப் பண்ணிடவா?"

கெட்டுப்போன புல்லுக்குக் குளிர் எதற்கு, டீசல் தண்டம் என்று அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். இன்றைக்கு மட்டும் ஓடட்டும் என்றால், ஏன் சார் என்பார். பக்கத்தில் தணிக்கை அம்மா நின்றிருந்தார். அவருக்குக் காது கூர்மை.

"வழக்கம்போலத்தான்," என்றேன்.

வண்டி போனதும் அத்தானுக்கு போன் செய்தேன். உங்கள் ஆள் ஒருவர் வண்டிக்குள் இருக்கிறார், அடிக்காதீர்கள், நீங்களே போய்த் திறங்கள் என்றேன். அவர் வெளியூரில் இருந்தார். "இருக்கட்டும் மாப்ள, அப்பத்தான் புத்தி வரும். சாயங்காலம் வந்து பாத்துக்கறேன்," என்றார். டிரைவரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்தவர்கள் எண்ணிக்கை கூடினால் அக்காவுக்கு ஆபத்து. வெயில் கொளுத்தியது. தணிக்கை அம்மாவுக்குக் குடை பிடித்தபடி தோட்டத்தைச் சுற்றிக் காட்டினேன். உங்களைப் போல எல்லா நிறுவனத்திலும் ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். எனக்கு நெஞ்சு அடைத்தது. சந்தோஷத்தால் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் அத்தான் கதவைத் திறந்தார். உள்ளே இருந்ததை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் குழப்பத்தில் கொட்டகையைப் பூட்ட மறந்தார்கள். அந்தப் புல் வெட்டுகிறவரின் மனைவி காய்ச்சலோடு ரோட்டுக்கு ஓடி, உங்களிடம் வந்து சேர்ந்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நேற்று இந்த ஸ்டேஷன் வராண்டாவில் என்னைப் பார்த்ததும், "நீங்கதானே வரச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்விதான்.

டிரைவர் சொன்னது உண்மை. வண்டி பண்ணையில் அவர் அறை ஜன்னலுக்குக் கீழேதான் நின்றது. ஒரு தட்டு தட்டியிருந்தால் எழுந்துபோய்த் திறந்திருப்பார், நல்ல மனுஷன். உள்ளே இருந்தவர் தட்டவே இல்லை. நான்தான் தட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தேனே. அவ்வளவு சூட்டிலும் என் வார்த்தையை அவர் மீறவில்லை. ஆம், அவரை அப்படிச் சாகவிட்டது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தச் சுவரொட்டிகளைக் கிழித்துவிட வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லுங்கள். வேலையாட்கள் அதை நம்புகிறார்கள்.