ருதுஜாவுக்குக் கை தூக்குங்க

...பின்ன என்னக்கா? தலைவர்னா திரும்பிப் பாக்க வேணாமா? யஷ்வந்த் அண்ணனுக்கு கழுத்துன்னு ஒண்ணு இருக்கா இல்லயான்னே தெரியல. ராஜ்கட் கோட்டையிலேருந்து தோர்ணா கோட்டை வரைக்கும் ஒம்பது மணி நேர மலை நடை, அந்த முதுக மட்டுந்தான் பாத்தோம். கொஞ்சம் தள்ளுங்க, நான் ஜன்னலோரம்... இல்ல வேணாம், நீங்களே இருங்க. உங்களுக்கு கால்ல கொப்புளம் வேற. மொத தடவ வந்திருக்கீங்க, எப்பவும் இப்பிடித்தான்னு நெனச்சிடாதீங்க. எப்பவும் அஞ்சு பேர் காணாம போக மாட்டாங்க!

மூணு மணி நேரம்! வேல்ஹே ஊர்ல பஸ் நிக்குது, பாக்ரி ரொட்டியும் கடலமாவு பிட்லாவும் ஆறி அட்டையாப் போச்சு, அந்த அஞ்சு பேரு தப்பான பள்ளத்தாக்குல எறங்கி யாரோ ஆடு மேய்க்கிறவர் குடிசையில உக்காந்து மோர் குடிச்சிட்டிருக்காங்க! கேளுஸ்கர் அங்கிள் என்னடான்னா வந்ததும் "மோர் பிரமாதம்"ங்கறாரு. மனுஷனா அவரு?

சரி, விஷயத்துக்கு வரேன். புணே போறதுக்குள்ள இந்த பஸ்லயே கை தூக்கச் சொல்லுவாங்க. டிசம்பர்ல ஆறு நாள் நடை. கூட்டிட்டுப் போறது யஷ்வந்த் அண்ணனா, நானா? பதினெட்டு ஆகட்டும்னாங்க, போன மாசம் ஆயிடுச்சு. எங்க வீட்ல எனக்கு என்ன மதிப்புன்னு நெனக்கறீங்க? பன்னெண்டாவதுல ரெண்டு பாடம் போச்சு, இனிமே எழுதமாட்டேன்னுட்டேன். அன்னிலேருந்து திரைச்சீல என்ன கலர்ல வாங்கறதுன்னு கூட என்னக் கேக்கறதில்ல. இருவத்திரெண்டு பேரு என் பேச்ச கேட்டு நடந்தா எப்பிடி இருக்கும்! எனக்கு அது வேணுங்க்கா. சுத்தி வளைக்கல. வேணும்.

இந்த ஒரே நடையில தலைமை பத்தி நான் எவ்ளோ கத்துக்கிட்டேன் தெரியுமா? தலைவர் தண்ணிய கடைசியாத்தான் குடிக்கணும். இவரு மொதல்ல குடிச்சாரு, நான் பாத்தேன். அப்பறம், மெதுவா வர்றவங்க மேல எரிஞ்சு விழக்கூடாது. முக்கியமா, பின்னாடி வர்றவங்கள விட்டுட்டுப் போகவே கூடாது. இதுக்கு மேல ஒரு பாடம் இருக்கா? எழுதி வெச்சுக்கோங்க... பேனா இல்லயா, பரவால்ல, ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

என்ன? வழி எப்பிடி தெரியும்னா... அது ஒண்ணுமில்லக்கா. பாதை ரெண்டாப் பிரியற எடத்துல எல்லாம் யஷ்வந்த் அண்ணன் கார்விப் புதர்ல ஒரு சிவப்புத் துணி கட்டிட்டே போவாரு. பின்னாடி வர்றவங்க அதப் பாத்து வரணும்.

கட்டினாரே! கட்டலன்னு நான் சொல்லல. பதினொரு எடத்துல கட்டியிருந்தாரு. எப்பிடித் தெரியுமா? அவுத்தது நாந்தானே! மலையில குப்ப சேரக்கூடாதுல்ல. கடைசியா வர்ற ஆளு அவுத்து எடுத்துட்டு வரணும். இன்னிக்கு கடைசி ஆளு நான். ரொம்பப் பொறுப்பான வேல.

அது கெடக்கட்டும். எனக்கு முன்னாடி கேளுஸ்கர் அங்கிள். ஐயோ, அந்த மனுஷன்! மஞ்சப்பூவப் பாத்தா படம். மண்டி போட்டு படம். படுத்துட்டு ஒரு படம். கூட நாலு பேரு "ஆகா, ஆகா"ன்னு. எத்தன நேரம் நிப்பேன்? "நீங்க பொறுமையா வாங்க அங்கிள், நான் முன்னாடி நிக்கறேன்"னு வந்துட்டேன். முன்னாடின்னா... கொஞ்சம் முன்னாடி. ஒரு மணி நேரம் முன்னாடி. ஆனா வேலய விடல, வர்ற வழியில ஒவ்வொரு துணியா அவுத்து அவுத்து...

...

அக்கா.

அந்த அஞ்சு பேரு எனக்குப் பின்னாடியில்ல வந்தாங்க?

சிரிக்காதீங்க. அக்கா, சிரிக்காதீங்கன்னா! எனக்கும் வருது... ஐயோ வயிறு வலிக்குது... பதினொரு துணி! ஒண்ணு கூட விடல! முடிச்சு இறுகியிருந்ததெல்லாம் பல்லால கடிச்சு அவுத்தேங்க்கா!

இருங்க, எந்திரிச்சுட்டாங்க. ஆரம்பிச்சுட்டாங்க. "ருதுஜாவுக்கு யாரு யாரு?" ஒண்ணு, ரெண்டு, அஞ்சு... ஒம்பது... ஐயய்யோ, கேளுஸ்கர் அங்கிள் தூக்கறாரு! ரெண்டு கையயும் தூக்கறாரு! "நல்ல பொண்ணு, நம்மள அவசரப்படுத்தவே இல்ல"ங்கறாரு! பன்னெண்டு. பன்னெண்டுக்கா! ஜெயிச்சாச்சு!

யஷ்வந்த் அண்ணனப் பாருங்க. மூணு மணி நேரமா தானே தப்பு பண்ணிட்டதா நெனச்சிட்டிருக்காரு. துணி சரியாக் கட்டலயோன்னு டிரைவர்கிட்ட கூட கேட்டாரு...

சே.

கால மடக்குங்கக்கா, நான் வெளிய வரணும். கம்பியப் பிடிச்சுக்கறேன், விழமாட்டேன். ஏய்! எல்லாரும் கைய எறக்குங்க! அண்ணே, நீங்க கட்டினது சரிதான். நான் முன்னாடி ஓடி வந்து எல்லாத்தையும் அவுத்துட்டேன். ஆமா, நாந்தான்! கத்தாதீங்க, கத்தறவங்க வரிசையா கத்துங்க! டிசம்பருக்கு அண்ணன்தான். அவருக்கே கை தூக்குங்க. அங்கிள், ரெண்டு கையயும் எறக்குங்க. நீ எறக்கு. நீயும். எல்லாரும் எறக்கியாச்சா?

அக்கா! இவ்ளோ நேரம் சும்மா உக்காந்துட்டு இப்ப எதுக்கு தூக்கறீங்க? நான் சொன்னது காதுல விழலயா? யாருக்கு?

...எனக்கா?

எறக்குங்கக்கா! எல்லாரும் பாக்கறாங்க!