வலி போயிருச்சு என்று அவளே சொன்னாள்

காலையில் அரைமணி நேரம் கையைக் காலை ஆட்டினால் யாருக்கும் கெடுதல் வராது, மேடம். என் முட்டிவலியே அதில்தான் தணிந்தது. கருத்தம்மா செத்ததைப் பற்றித்தானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள், அதற்கு வருகிறேன்.

அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனி விடுதியில் எண்பது பெண்கள். நான் வார்டன். போன வருஷம், 2006இல், முதலாளி கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மாவைக் கூட்டி வந்தார். உடற்பயிற்சியோடு நல்ல வார்த்தையும் சேர்த்துச் சொல்லும் முறை ஒன்றை அந்த அம்மா இரண்டு நாள் கற்றுக்கொடுத்தார். கையைத் தூக்கி மூச்சை இழுக்கும்போது, "நான் தெம்பாக இருக்கிறேன்." குனிந்து மூச்சை விடும்போது, "என் மனம் லேசாக இருக்கிறது." உடம்புக்கு முடியாதவர்கள் சும்மா உட்காரலாம் என்றும் சொன்னார். அவர் போனதும் அதை மட்டும் எடுத்துவிட்டேன். ஒரு வரி நானாகச் சேர்த்தேன்: "எனக்கு எங்கேயும் வலி இல்லை."

நதியா என்று ஒரு வாயாடி. "நம்ம விடுதி இட்லிக்கும் சொல்லிக் குடுங்கம்மா, மெத்துன்னு ஆகட்டும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அவளுக்கு மட்டும் இட்லி கொடுக்கவில்லை.

பிறகு ஓர் ஒழுங்கு வைத்தேன். வலி என்று யார் லீவு கேட்கிறாளோ, மறுநாள் அவள்தான் முன்னால் நின்று அந்த வரியை நூறு முறை சொல்லிப் பயிற்சி நடத்த வேண்டும். ஒரே மாதத்தில் விடுதியில் வலியே இல்லை. மாதாமாதம் தூரமாகும் பெண்கள்கூடப் படுக்கவில்லை. முதலாளி மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தார். வாங்கி வைத்தது அப்படியே இருந்தது. "சுப்பாத்தாக்கா, நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கோணுங்க" என்றார். நான் அஞ்சாவதோடு நின்றவள், மேடம்.

கருத்தம்மா உசிலம்பட்டிப் பக்கம். பத்தொன்பது வயது. தைத்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங் டேபிளில் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் இரக்கமில்லாதவள் இல்லை. நானேதான் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்றார் டாக்டர். வெளியே வந்து, "வெறும் வாயுவாமா கண்ணு" என்றேன். மறுநாள் நம் பயிற்சியைப் பார்க்க, பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வருகிறார்கள். அவளும் லீவு கேட்டிருந்தாள். முன்னால் நிற்க வேண்டிய முறை அவளுடையது.

நின்றாள். ஐம்பது வரைக்கும் நன்றாகத்தான் சொன்னாள். அப்புறம் முகமெல்லாம் வேர்த்தது.

"முடியலம்மா. ஒரு ஊசியாவது போடச் சொல்லுங்கம்மா."

"உன்ற வாயிதாங் கண்ணு ஊசி. சத்தமாச் சொல்லு."

நதியா ஓடிவந்து அவள் இடுப்பைத் தாங்கிப் பிடித்தாள். "இவ செத்துருவாம்மா" என்றாள். விருந்தாளிகள் முன்னால் இப்படியா பேசுவது? இழுத்து ஓரமாக நிறுத்தினேன். எண்பத்தேழாவது முறை குனிந்தபோது கருத்தம்மா சட்டென்று நின்றாள். மெதுவாக நிமிர்ந்தாள். வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அவளுக்கே ஆச்சரியம்.

"அம்மா, வலி போயிருச்சும்மா."

எல்லோரும் கைதட்டினார்கள். பையர்கள் போட்டோ எடுத்தார்கள். கட்டிப்பிடித்து, மிச்சம் பதின்மூன்றையும் சொல்ல வைத்து, வேலைக்கு அனுப்பினேன்.

சாயந்தரம் அவளுக்கு உடம்பு கொதித்தது. வயிறு பலகை மாதிரி இருக்கிறது என்று நதியா மூன்று முறை வந்து காலில் விழுந்தாள். நான் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வியாழன் விடியும்போது கருத்தம்மா இல்லை.

டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்ன இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். "வலி திடீர்னு நின்னா சந்தோஷப்படாதீங்க. உள்ளே வெடிச்சிருச்சுன்னு அர்த்தம். உடனே தூக்கிட்டு வந்துருங்க." நான் மறக்கவில்லை, மேடம். அவள் சிரித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் அத்தனை பிள்ளைகளும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.