காண்ட்ராக்டர் ராக்கையாவும் ராஜாராம் எஸ்டேட் ஸ்டோரும்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எஸ்டேட் முதலாளி உயர்திரு ராஜாராம் அவர்களே, கட்டடக்காரர் சங்க நிர்வாகிகளே, செங்கல், மரம், மணல் கொடுத்துப் பிழைக்கும் என் சக வியாபாரிகளே, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ராக்கையா அண்ணன் சம்சாரம் சுருளியம்மா மதினி அவர்களே, வணக்கம். நான் திருப்பதி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சிமெண்டுக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நாலு பேரும் ராக்கையா அண்ணனை உத்தமர் என்றார்கள், உழைப்பாளி என்றார்கள். வாஸ்தவம். ஆனால் அந்த உத்தமர் ஏன் செத்தார்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். தலைவர் கோவித்துக்கொண்டாலும் சரி.

இருபத்திரண்டு வருசம் இந்த மலையில் அவர் கட்டாத கட்டடம் உண்டா? பதினேழு கொண்டை ஊசி வளைவையும் தாண்டி ஜீப்பில் சிமெண்டு ஏற்றினார். ஜீப்பு போகாத இடத்துக்குக் கழுதையில் ஏற்றினார். ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோர் என்றால் சும்மா நாலு சுவரா? அடுப்புச் சூடு தகரக் குழாய் வழியே அறை முழுக்க ஓட வேண்டும். துளி புகை கசிந்தால் காய் நிறம் போச்சு, ஏலத்தில் விலையும் போச்சு. ராக்கையா கட்டின ஸ்டோரில் புகை கசிந்தது என்று யாராவது சொல்லுங்கள், இப்படியே மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன்.

அவருக்கு ஒரு கறார் உண்டு. பாக்கி தீராமல் சாவி கொடுக்க மாட்டார். தேவாரத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்டி முடித்து, நாலு மாதம் சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தார். "என்னைய நம்பிக் கல்லு குடுத்தவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? துட்டு வரட்டும், கதவு தொறக்கட்டும்" என்றார். பணம் வந்ததும் நேரே போனது செங்கல் காளவாசல் செல்லத்தாய் வீட்டுக்குத்தான். செல்லத்தாய் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பேர்ப்பட்ட மனுசன் எழுபத்தெட்டாம் வருசம் ஆவணியில் ஒரே ஒரு தடவை சறுக்கினார். அண்ணன் கட்டிக் கொடுத்த புது ஸ்டோருக்கு நம்ம தலைவர் பால் காய்ச்சினார். விளக்கு ஏற்றியாச்சு, ஐயர் உட்கார்ந்தாச்சு, நாற்பத்தோராயிரம் பாக்கி நிற்கிறது. முதலாளி சொன்னார்: "ராக்கையா, நல்ல நேரம் போகுதப்பா. சாவியத் தாம்பாளத்துல வையி. மொதப் பறிப்பு ஏலம் போனதும் பூராத்தையும் வாங்கிக்க." சாமி முன்னால் துட்டுப் பேச நம்ம ஆட்களுக்கு வாய் வராது. அண்ணனும் வைத்தார். அம்புட்டுத்தான், முடிஞ்சது சோலி.

பிறகு வக்கீலிடம் நானும் கூடப் போனேன். வக்கீல் பிட்டுப் பிட்டு வைத்தார். சிமெண்டு என் கடையில் இருக்கும் வரைக்கும், துட்டு வராமல் தர மாட்டேன் என்று நான் பிடித்து வைக்கலாம். லாரி ஏறிப் போய் சுவராகிவிட்டால் அது நிலத்துக்காரர் சொத்து, எனக்கு அதில் ஒரு செங்கல்லும் இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டால் கட்டினவனுக்கும் அதே கதிதான். பாக்கிக்கு இந்தக் கட்டடம் ஈடு என்று முன்கூட்டியே எழுதிப் பதிவு பண்ணியிருந்தால் ஒழிய, கட்டடத்தின் மேல் அவனுக்குப் பிடி கிடையாது. வேலை முடிந்து மூணு வருசத்துக்குள் கேஸ் போட வேண்டும். இல்லாவிட்டால் பாக்கி உண்டு என்று நிலத்துக்காரரிடம் ஒரு வரி எழுதி வாங்க வேண்டும். எழுதி வாங்குவதா? எத்தனை பேர் எழுதி வாங்கியிருக்கிறோம்? கேட்டால் முகம் முறிந்துபோகும் என்று பயப்படுகிறவர்கள்தானே நாம்.

அடுத்த பறிப்பு, அடுத்த பறிப்பு என்றே வருசம் ஓடியது. இங்கே நாம் என்ன செய்தோம்? மலையேறி முதலாளியைக் கேட்கத் தைரியமில்லை. ராக்கையா வீட்டு வாசலில் போய் நின்றோம். நானும் நின்றேன். "அண்ணே, எனக்கு வெரசா முடிச்சு விடுங்க" என்று இந்த வாயால்தான் சொன்னேன். அவர் வீட்டை விற்று நம்ம எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, மதினியோடு வாடகை வீட்டுக்குப் போனார். கொடுக்க வேண்டியவர் மேலே சுகமாக இருந்தார், கைக்குத் துட்டு வராதவரைப் பிழிந்து எடுத்தோம். வெட்கமாக இருக்கிறது, அதையும் இந்த மைக்கிலேயே சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, எஸ்டேட் இருக்கிற மலை மேல் மெட்டுக்குப் போகிற பஸ்சில், உட்கார்ந்த வாக்கிலேயே உயிர் போயிருக்கிறது. சட்டைப் பையில் ரெண்டு வெள்ளைத்தாள், ஒரு ரெவின்யூ ஸ்டாம்பு. முதலாளியிடம் அந்த ஒரு வரி எழுதி வாங்கத்தான் போயிருக்கிறார். மூணு வருசக் கெடு முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. ஒன்பது நாள் போனால் மதினிக்கு நாற்பத்தோராயிரமும் கிடையாது, குடியிருக்க ஒரு குச்சும் கிடையாது.

முதலாளி, முறைக்காதீங்க. நாளையிலிருந்து நீங்க என் கடைக்கு லோடு சொல்ல மாட்டீங்க, தெரியும். போகட்டும். நாளைக்குக் காலையில் மதினி பேரில் கேஸ் போடுகிறோம். ஜீப்பு ஓட்டின சுடலையிடம் லோடுச் சீட்டு இருக்கிறது, என்னிடம் பில்லு இருக்கிறது. குறைவது சாட்சிதான். அன்றைக்குப் பால் காய்ச்சினபோது பாயசம் குடித்தவர்கள் இந்தக் கொட்டகைக்குள் முப்பது பேராவது இருக்கிறீர்கள். முதலாளி சொன்னது உங்கள் காதிலும்தானே விழுந்தது?

இனிமேல் ஈடு எழுதிப் பதியாத வேலைக்கு ஒரு மூட்டை சிமெண்டு என் கடையை விட்டு இறங்காது. இது நான் அண்ணனுக்குக் கொடுக்கிற வாக்கு. அடுத்ததாக ரெண்டு நிமிடம் மௌன அஞ்சலி என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். மூணு வருசமாக நாம் அதைத்தானே செய்துகொண்டிருந்தோம்? இன்றைக்கு வேண்டாம். வக்கீல் குமாஸ்தா வாசலில் உட்கார்ந்திருக்கிறார். காதில் விழுந்ததைச் சொல்லி முதல் கையெழுத்தை நான் போடப் போகிறேன். வர்றவங்க வாங்க. மதினி, எந்திரிங்க, போவோம்.